சாயங்காலம் வீடு திரும்புகிற டிரைவர்

ஆல்பர்ட்டுக்குப் பெண் பிறந்த செய்தி, போபாலுக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் வைத்துத்தான் வந்து சேர்ந்தது. புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக் கட்டிய நீளமான டிரெய்லர் சாலையோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. மாமனார் போனில் பேசினார். "பொம்பளப் புள்ள மாப்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க," என்றார். கடைக்காரருக்கு விஷயத்தைச் சொல்ல ஆல்பர்ட்டுக்கு இந்தி வார்த்தை வரவில்லை. இரண்டு கைகளையும் தொட்டில்போலச் சேர்த்து ஆட்டிக் காட்டினான். கடைக்காரர் சிரித்துவிட்டு, டயரை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவனுக்கு ஒரு டீ வாங்கிவந்தார். அந்த டிரிப் முடிந்ததும் அங்கிருந்தே இன்னொரு லோடு, அதை இறக்கியதும் வேறொன்று என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் மாமனார் வீட்டுக்குப் போய் ஜெனிஃபரைக் கையில் வாங்கியபோது அவளுக்குத் தலை நின்றிருந்தது. அவனைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள்.

அதற்காக அவனைப் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவன் அப்பா பீட்டர் பெற்ற பிள்ளைகளில் சொந்தக் காலில் நின்று, ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பியவன் அவன்தான்.

திருமுக்கூடலுக்குத் தெற்கே, உத்திரமேரூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அவர்களுடைய காலனி. அப்பா பீட்டர் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அறுப்பு முடிந்தால் நெல் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வாலாஜாபாத் மில்லில் போய் இறக்குவார். பாலாற்று மணலில் சக்கரம் புதைந்தால் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். வண்டியில் உட்கார அவருக்கு இடம் கிடையாது. வண்டி காலியாகத் திரும்பும்போதும் நடைதான். பிறகு ஊரில் டிராக்டர்கள் வந்தன. டிரெய்லரில் மூட்டைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்து போகலாம், யாரும் இறங்கு என்று சொல்வதில்லை. பீட்டருக்கு அதுவே பெரிய சௌகரியமாக இருந்தது.

பத்தாம் வகுப்பில் தேறாமல் போன ஆல்பர்ட் ஒரு அரிசி லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். முன்சீட்டில் உட்கார்ந்து அவன் முதன்முதலாக ஊர்ச் சாலையில் வந்ததை பீட்டர் ஓரமாக நின்று பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் மகனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஸ்டீரிங் எப்போ உன் கைக்கு வரும்?"

"லைசென்ஸ் எடுக்கணும் நைனா. ரெண்டு மூணு வருசம் ஆவும்."

"ஆவட்டும். அத்தக் கத்துக்க."

கற்றுக்கொண்டான். ஒரகடம் பக்கத்தில் கார் கம்பெனிகள் வந்தபோது, அங்கிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரெய்லர்களுக்கு டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். ஆல்பர்ட் சேர்ந்தான். நாக்பூர், இந்தூர், ஜெய்ப்பூர், டெல்லி, கவுகாத்தி என்று இந்தியா முழுக்க அவனுக்குச் சாலையாகத் தெரிந்தது. எந்த டோல்கேட்டுக்கு அப்புறம் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த மேட்டில் வண்டி திணறும் என்பதெல்லாம் மனப்பாடம். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வண்டியிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மனைவி தேவகிக்குப் போன் போடுவான். ஒரு மணி நேரம் ஓடும் பேச்சு. என்ன குழம்பு வைத்தான், வழியில் எந்த ஊரில் எப்படி மழை பெய்தது, போலீஸ்காரன் என்ன கேட்டான் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தேவகி களையெடுப்பிலிருந்து, ஜெனிஃபரின் பள்ளிக்கூடத்திலிருந்து, பக்கத்து வீட்டுச் சண்டைவரை சொல்லி முடிப்பாள். காலனிப் பெண்கள் பொறாமைப்படும் அளவுக்கு அந்தப் பேச்சு பேர் போனது.

பீட்டர் இறந்தபோது ஆல்பர்ட் ஜான்சிக்குப் பக்கத்தில் இருந்தான். காத்திருக்க முடியாது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். தேவகி வீடியோ காலில் கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழிக்குப் பக்கத்தில் போனதும் சிக்னல் போய்விட்டது. அதைப் பற்றி அவன் பிறகு யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த நாள் லோடுக்குக் கிளம்பினான்.

இப்படியே போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முதலில் சின்னதாகத்தான் மாற்றம் தெரிந்தது. வாலாஜாபாத் ரயில்வே ஸ்டேஷனில் கார்களை ரயிலில் ஏற்றுகிறார்கள் என்று டிரெய்லர்கள் நிற்கும் யார்டில் பேசிக்கொண்டார்கள். அது அங்கே புதிது இல்லை, எப்போதோ ஒரு ரயில் போகும். இப்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று ஆனது. ஒரு ரயில் கிளம்பினால் முப்பது நாற்பது டிரெய்லர் சுமை ஒரேயடியாகப் போய்விடுகிறது. கவுகாத்திக்கு இவன் ரெண்டு வாரம் ஓட்டுகிற தூரத்தை ரயில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுகிறது. டீசல் மிச்சம், டோல் மிச்சம், வழியில் ஒரு கீறல் விழுவதில்லை. முதலாளிகளுக்குக் கணக்கு பிடித்துப்போயிற்று.

யார்டில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் வண்டிக்கடியில் நிழலில் படுத்துக்கொண்டு லோடுக்காக நாள் கணக்கில் காத்திருந்தார்கள். ஆல்பர்ட்டோடு அதே காலனியைச் சேர்ந்த கலைச்செல்வனும் இருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பையன். "இது வேலைக்கு ஆவாதுணா. நான் வேற டிரான்ஸ்போர்ட்ல கண்டெய்னர் ஓட்டப் போறேன். நீயும் வா," என்றான்.

ஆல்பர்ட் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வினோத்குமார் கூப்பிட்டனுப்பினார்.

"ஆல்பர்ட், வாலாஜாபாத்ல லோடிங்குக்கு ஆள் வேணும். கம்பெனியிலேர்ந்து காருங்களை எடுத்தாந்து வேகன்ல ஏத்தணும். டே டூட்டி. பேட்டா கெடையாது, மாசச் சம்பளம். போறியா?"

"எவ்ளோ தூரம் சார் ஓட்டணும்?"

"யார்டுலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும். அப்புறம் பிளாட்பாரத்துலேர்ந்து ரயிலுக்குள்ள."

பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆல்பர்ட்டுக்கு முகம் சுருங்கியது. இமயமலை அடிவாரம்வரை ஓட்டிய கை. கடைசியில் இதுதானா என்று இருந்தது. ஆனால் ஜெனிஃபர் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது. சரி என்றான். கலைச்செல்வன் கண்டெய்னருக்குப் போய்விட்டான்.

முதல் நாள் ஆல்பர்ட் ரயில் வேகனைச் சுற்றி வந்து பார்த்தான். இரண்டு அடுக்கு இரும்புக் கூடு. கடைசிப் பெட்டியின் வாசலில் சரிவுப் பலகை போட்டு, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்புத் தகடு விரித்து, ரயில் முழுக்க ஒரே நீளமான சந்துபோல ஆக்கிவைத்திருந்தார்கள். அந்தச் சந்துக்குள் காரை ஓட்டிக்கொண்டே போய், முன்னால் நிற்கும் காருக்கு ஒரு சாண் இடம் விட்டு நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி. கூடவே வேலை செய்தவர்கள் எல்லாம் இருபத்தைந்து வயதுக்காரர்கள். கார் நின்றதும் கதவைக் கொஞ்சம் திறந்து, பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வந்துவிடுவார்கள்.

ஆல்பர்ட் காரை நிறுத்தியது என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வெளியே வரத்தான் முடியவில்லை. இருபது வருஷம் உட்கார்ந்தே இருந்து சேர்த்த வயிறு கதவுக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இழுத்தால் சட்டைப் பொத்தான் காரைக் கீறிவிடும் என்று பயம். அந்தப் பக்கம் நகர இடம் இல்லை. பின்னால் அடுத்த கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதிலிருந்து புருஷோத்தமன் என்ற பையன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, மூச்ச வெளிய வுடு. முழுசா வுட்டுட்டு அப்படியே கீய குந்து. அப்புறம் வந்துடும்."

மூச்சை விட்டான். குந்தினான். வந்துவிட்டது. பொத்தான் ஒன்று தெறித்து வேகனுக்குள் எங்கோ உருண்டது. பையன்கள் சிரித்தார்கள், இவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாளிலிருந்து பொத்தான் வைத்த சட்டை போடுவதை விட்டுவிட்டு டீ சர்ட்டுக்கு மாறினான்.

வேலை பழகிவிட்டது. பழகாதது வீடுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆல்பர்ட் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிடுவான். முதல் வாரம் காலனியே அதிசயமாகப் பார்த்தது. இரண்டாவது வாரம் தேவகிக்கு அது தொல்லையாகப் போனது. இத்தனை வருஷமாக அவளுடைய சாயங்காலங்கள் அவளுடையவை. வேலை முடிந்து அம்முலு, ஜெயம்மாள் என்று நாலைந்து பெண்கள் அவள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சீரியல் பார்த்துக்கொண்டு, தரையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்போது நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு ஆல்பர்ட் உட்கார்ந்திருந்தான். "ஆம்பள வூட்ல கீறாரு," என்று அவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

ஆல்பர்ட்டுக்கும் எதுவும் கைக்கு அகப்படவில்லை. சட்டையைக் கழற்றினால் மாட்ட ஆணி இல்லை. அவன் துணிகள் எப்போதும் பையிலேயே இருந்ததால் யாருக்கும் ஆணி அடிக்கத் தோன்றியதில்லை. குடிக்கத் தண்ணீர் எந்தக் குடத்தில் என்று கேட்க வேண்டியிருந்தது. ஜெனிஃபர் அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது மாதிரி. சாப்பிட வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், தேவகியோடு பேச ஒன்றும் இல்லாமல் போனது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "கொயம்பு போதுமா?" "போதும்." அவ்வளவுதான். ஒரு நாள் அவள் கேட்டேவிட்டாள்.

"ஏன்யா, போன்ல அவ்ளோ பேசுவ. எதிர்ல குந்திக்கினு ஒரு வார்த்த வரமாட்டேங்குது. இன்னா, என் மூஞ்சப் பாத்தா பேச்சு வரலியா?"

"இன்னா பேசறது? காலைல போறேன், காரு ஏத்தறேன், வரேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்னாத்தான தெரியும்."

அவன் எழுந்து வெளியே போனான். தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் இருக்கிறது. இருட்டத் தொடங்கிய நேரம். அதன் கீழே நின்றுகொண்டு கொஞ்ச நேரம் போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து தேவகியைக் கூப்பிட்டான்.

"எங்க கீற?" என்றாள் தேவகி. பழைய கேள்வி. இருபது வருஷமாக அவள் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி.

"தொட்டிகிட்ட," என்றான். அப்புறம் தானாகவே பேச்சு வந்தது. "இன்னிக்கி இன்னா ஆச்சு தெரியுமா? மேலடுக்குல ஒரு பூனை குட்டி போட்டு வச்சிக்கினு கீது. வேகன் எங்கேர்ந்து வந்துச்சோ. பசங்க யாரும் கார ஏத்த மாட்டேன்னுட்டானுங்க. சூப்பர்வைசர் வந்து கத்தறாரு, பூனையும் அவரப் பாத்துக் கத்துது…"

தேவகி அடுப்படியில் சிரிக்கும் சத்தம் போனிலும் கேட்டது, தெரு வழியாகவும் லேசாகக் கேட்டது. குட்டிகளை என்ன செய்தார்கள் என்று கேட்டாள். அட்டைப்பெட்டியில் வைத்துப் புருஷோத்தமன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றான். அவள் அம்முலு வீட்டில் நடந்ததைச் சொன்னாள். ஜெனிஃபர் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதைச் சொன்னாள். அது அவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் ஒரு மாதமாக இருந்தும் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து ஜெனிஃபர் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வந்தாள். மரத்தடியில் நின்று போனில் பேசும் அப்பாவைப் பார்த்தாள். "யாருகிட்டப்பா இவ்ளோ நேரமா?" என்றாள்.

"உங்கம்மாதான்."

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து ஆல்பர்ட் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் மரத்தடிக்குப் போய்ப் பேசினான், சில நாள் வீட்டிலேயே வாய் வந்தது. வாசலோடு திரும்பிப் போன பெண்கள் விஷயத்துக்கு ஆல்பர்ட்டே ஒரு வழி செய்தான். லாரியில் வைத்திருந்த ஸ்டவ்வைப் பரணிலிருந்து இறக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் அதை மூட்டி, நெடுஞ்சாலையில் கற்றுக்கொண்ட கோழிக் குழம்பை வைத்தான். மிளகும் பூண்டும் தெரு முழுக்க மணந்தது. ஜெயம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள போய் சீரியல் பாருங்க. ஆனதும் எடுத்தாறேன்," என்றான். அவர்கள் தயங்கித் தயங்கி உள்ளே போனார்கள். அவன் வாசலிலேயே இருந்தான். சாப்பிட்டுவிட்டு ஜெயம்மாள் தேவகியிடம், "உன் வூட்டுக்காரர இனிமே எங்கியும் அனுப்பாத," என்றாள். அப்புறம் ஞாயிறுதோறும் சமையல் அவனுடையது. மற்ற நாள்களில் சீரியல் நேரத்துக்கு அவன் ஆற்றுப்பக்கம் நடக்கப் போய்விடுவான். வயிறும் கொஞ்சம் குறைந்தது.

ஐப்பசி மாதம், ரயில் வராத ஒரு நாள், ஆல்பர்ட் வீட்டிலிருந்தான். பகல் சாப்பாடு முடிந்த நேரம். கலைச்செல்வனின் மனைவி பரிமளா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நிறைமாதம். மறுவாரம் தாமலிலிருந்து அவள் அம்மா வந்து அழைத்துப் போவதாக இருந்தது.

"மாமா, அக்கா இல்லியா?"

"நூறு நாள் வேலைக்குப் போய்கீறா. இன்னாம்மா?"

"வலிக்குது மாமா. காலைலேர்ந்தே வலிக்குது. சூட்டு வலின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஆல்பர்ட் எழுந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டான், தேவகிக்குப் போட்டான். தேவகி ஏரிக்கரையிலிருந்து மண் படிந்த காலோடு ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் வந்ததும் பரிமளாவோடு ஏறிக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. ஆல்பர்ட் பைக்கில் நனைந்துகொண்டே உத்திரமேரூர் அரசு மருத்துவமனைவரை பின்னாலேயே போனான். போகிற வழியெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்புதான். ஜெனிஃபர் பிறந்த அன்றைக்கு தேவகியும் இப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். யார் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள், எந்த வண்டியில் போனாள் என்று இதுவரை தான் கேட்டதுகூட இல்லை.

வராண்டாவில் தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருந்து வாங்க தேவகி வெளியே போயிருந்த நேரத்தில் கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு நர்ஸ் வந்தார்.

"பரிமளாவோட வந்தவங்க யாரு? பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இந்தாங்க."

ஆல்பர்ட் எழுந்து பின்னால் நகர்ந்தான். "நான் இல்ல சிஸ்டர். அப்பங்காரன் லாரியில கீறான். நாங்க பக்கத்து வூடு."

"யாரா இருந்தா என்ன, கையை நீட்டுங்க."

நீட்டினான். அந்த எடை கையில் வந்து உட்கார்ந்தது. கழுத்து நிற்காத, கண் திறக்காத, சிவந்த முகம். எத்தனையோ லட்ச ரூபாய்க் கார்களை நூலிழை இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய கைகள், அசையப் பயந்துபோய் அப்படியே உறைந்து நின்றன. தேவகி திரும்பி வந்தபோது அவன் நடு வராண்டாவில் சிலைபோல நின்றுகொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

தேவகி பக்கத்தில் வந்து, குழந்தையின் தலைக்குக் கீழே அவன் முழங்கையைச் சரியாக மடித்துவிட்டாள். "இப்படி வச்சிக்க. தல தொங்கக் கூடாது," என்றாள். தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு கலைச்செல்வனுக்கு வீடியோ கால் போட்டார்கள். நாக்பூருக்கு வெளியே ஒரு டீசல் பங்கில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். பையனைப் பார்த்ததும் போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனான். பரிமளா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, நன்றாக இருக்கிறாள் என்று தேவகி சொல்லி, மறுபடியும் அதையே கேட்டான். அப்புறம் சொன்னான்:

"நாளிக்கி லோடு எறக்கிடுவேன்ணா. ரிட்டன் லோடு எப்போ கெடைக்கும்னு தெரியல. நான் வந்து தூக்கசொல்ல எவ்ளோ பெருசா ஆயிருப்பான்?"

ஆல்பர்ட்டுக்கு அதற்குப் பதில் நன்றாகத் தெரியும்.

"தல நின்னுடும்டா," என்றான். "தல நின்ன புள்ளையத்தான் நான் பாத்தேன். அதுக்கு என்னத் தெரியல, அழுதுச்சு. நீ ரிட்டன் லோடுக்கு நிக்காத. கூட கீற டிரைவர்கிட்ட சாவியக் குடுத்துட்டு ரயில்ல ஏறு."

"ஓனர் பேஜார் பண்ணுவாருணா."

"பண்ணட்டும். வேல போச்சுன்னா இங்க வா, பாத்துக்கலாம். நம்பர் குடு, ஓனர்கிட்ட நானே பேசறேன்."

பேசினான். அந்த ஓனர் முதலில் குதித்தார். ஆல்பர்ட் குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னான். தன் பெண் பிறந்ததையும், அப்பா செத்ததையும், இரண்டுக்கும் தான் சாலையில் இருந்ததையும் சொன்னான். அவ்வளவையும் அவன் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம். "சரிப்பா, வரச் சொல்லு," என்றார் அந்த மனிதர்.

மூன்றாம் நாள் காலையில் கலைச்செல்வன் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பரிமளாவை இன்னும் அனுப்பவில்லை. கழுத்து நிற்காத தன் பிள்ளையை அவனும் பயந்து பயந்துதான் வாங்கினான். ஆல்பர்ட் வராண்டாவின் மறுகோடிக்குப் போய் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாலாஜாபாத் லோடிங்கில் கலைச்செல்வனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆல்பர்ட் வினோத்குமாரிடம் நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தான். ஆள் நிறைந்துவிட்டது என்றார். ஆனால் நாக்பூர் பக்கம் அவன் மறுபடி போகவில்லை. அதே ஓனரிடம் கேட்டு, ஒரகடத்திலிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டும் வண்டிக்கு மாறிக்கொண்டான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்கு வருகிறான். சம்பளம் குறைவுதான், டிராபிக்கில் உயிர் போகிறது என்று புலம்புகிறான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்துகொண்டேதான் புலம்புகிறான்.

ஜெனிஃபருக்குச் செங்கல்பட்டில் நர்சிங் இடம் கிடைத்தது. அவள் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய மே மாதம், தேவகி ஒரு நாள் மதிய சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு வந்தாள். கணவன் செய்கிற வேலையை அவள் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று, வெள்ளையும் சிவப்புமாகக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரயிலுக்குள் போவதைப் பார்த்தாள். கடைசிக் கார் ஏறியதும், கதவுகளை மூடி, இன்ஜினைக் கொண்டுவந்து பூட்டினார்கள்.

"இது எங்க போவுது?" என்று கேட்டாள்.

"அசாமுக்கு."

"அங்க இன்னா கீது?"

ஆல்பர்ட் யோசித்தான். அத்தனை தடவை போயிருக்கிறான். யார்டு, டோல்கேட், தாபா, மறுபடி யார்டு. அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியல," என்றான். "வழியில கோதாவரின்னு ஒரு ஆறு வரும். அத்த மட்டும் எறங்கிப் பாக்கணும்னு ஒவ்வொரு வாட்டியும் நெனைப்பேன். பாலத்துல வண்டிய நிறுத்த முடியாது."

"பாலாறு மாரி கீதா?"

"அதுல தண்ணி கீது."

தேவகி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடியே, "அப்போ போலாம்," என்றாள். ஏதோ உத்திரமேரூர் சந்தைக்குப் போகலாம் என்பதுபோலச் சொன்னாள். ஆல்பர்ட் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது ஜெனிஃபர் போனில் டிக்கெட் போட்டு முடித்திருந்தாள். செங்கல்பட்டிலிருந்து காக்கிநாடா போகிற ரயிலில் மூன்று பேருக்கு.

ரயிலில் முதல் ஒரு மணி நேரம் ஆல்பர்ட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைக்கு ஸ்டீரிங் இல்லை, காலுக்கு பிரேக் இல்லை. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. தேவகி அதைப் பார்த்துவிட்டு அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சும்மா குந்து. வேற ஆளு ஓட்றாரு," என்றாள். நெல்லூர் தாண்டுவதற்குள் அவன் தூங்கிப்போனான்.

விடிகிற நேரத்தில் தேவகி அவனை உலுக்கி எழுப்பினாள். சக்கரச் சத்தம் மாறியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். சாம்பல் நிறத்தில் கிடந்த ஆறு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சிவந்தது. ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாலம் முடிகிற வழியாக இல்லை.

"எவ்ளோ நீளம் இது?" என்று தேவகி கேட்டாள்.

"தெரியலயே. நான் ரோட்ட மட்டும்தான பாத்துக்கினு போவேன்."

எதிர் சீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக ஆற்றில் காசு போட்டார். தேவகியும் பர்சிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து வீசினாள். அது பாலத்துக் கம்பியில் பட்டு டங்கென்று ஒலித்துவிட்டு எங்கே போனதோ தெரியவில்லை.

"வுயுந்துச்சா?"

"கம்பில பட்டுச்சு. இன்னொண்ணு போடு."

மேல் பெர்த்தில் ஜெனிஃபர் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். எழுப்பலாமா என்று ஆல்பர்ட் கேட்டான். வேண்டாம், திரும்பி வரும்போது பார்த்துக்கொள்வாள் என்றாள் தேவகி. அவன் கேட்கவில்லை. எழுந்து நின்று மகளின் காலைப் பிடித்து ஆட்டினான்.

"ஜெனி, எந்திரி. தண்ணியப் பாரு."